வெள்ளை ரோமத்தில் ஏறிய சிவப்பு: ஒரு விருந்து உடைப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆண்டிறுதி விருந்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு அலுவலகக் குழு என்னிடம் வந்தது. ஒன்பது பேர்: ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள். விருந்தில் நான்கு நிமிடம் மேடையேறி ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். மீதி ஐந்து மணி நேரமும் அதே உடையில் சாப்பிட்டு, பேசி, படம் எடுத்துக்கொண்டு இருப்பார்கள். 1954இல் வந்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியில் இரண்டு நாயகிகளும் போட்டிருக்கும் சிவப்பு கவுன்தான் அவர்கள் கேட்டது. கழுத்தைச் சுற்றி வெள்ளை ரோமம், இடுப்பு வரை ஒட்டிய மேல்பாகம், கீழே விரிந்து தரை தொடும் பாவாடை. குழுவை ஒருங்கிணைத்தவர் கைபேசியில் பத்துப் பன்னிரண்டு படங்களைக் காட்டிவிட்டு, "அக்கா, படத்துல இருக்கற மாதிரியே வேணும், ஒரு பொட்டு மாறக் கூடாது" என்றார்.

நான் முப்பது வருடமாகத் தைக்கிறேன். மேடை நாடகங்களுக்கும் தைத்திருக்கிறேன். ஒரு சினிமா உடையை விருந்துக்காகத் திரும்பத் தைத்தது இதுதான் முதல் தடவை. எங்கள் மூன்று பேர் கொண்ட தையலகத்தில் நடந்ததை, தவறுகளோடு சேர்த்து, எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

முதல் வாரம்: படத்தில் கண்டது

கைபேசிப் படங்களை நம்பாமல் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிக் காட்சியை மட்டும் ஏழெட்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

உடைகளை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். உடையலங்காரத்துக்காக 35 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு 8 முறை வென்றவர். (இந்தப் படத்துக்கு உடைக்கான பரிந்துரைகூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.) பாரமவுண்ட் நிறுவனம் அப்போது புதிதாகக் கொண்டுவந்த விஸ்டாவிஷன் முறையில் வெளியான முதல் படம் இது. அந்த முறையில் பிலிம் சுருள் கேமராவுக்குள் செங்குத்தாக ஓடாமல் படுக்கை வாட்டில் ஓடும். அதனால் ஒவ்வொரு சட்டகமும் பெரிதாகி, அகன்ற திரையிலும் காட்சி துல்லியமாக விழும். தூரத்தில் நிற்கும் ஆளின் கழுத்து ரோமம்கூட தனித்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் குறித்துக்கொண்டது வேறு ஒன்று. அந்தக் கவுனோடு நாயகிகள் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். நிற்கிறார்கள், பாடுகிறார்கள், நாலடி நடக்கிறார்கள். யாரும் உட்காரவில்லை, படியேறவில்லை, தட்டில் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை. கால்பட்ட தரையும் துடைத்து வைத்த மேடைத் தரை. எங்கள் ஆட்கள் செய்யப் போகும் எதையும் அந்த உடை செய்ததே இல்லை.

இன்னொன்று: நாயகிகளான ரோஸ்மேரி குளூனியும் வேரா எலனும் வேறு வேறு உடல்வாகு கொண்டவர்கள். ஒருவர் பாடகி, மற்றவர் ஒடிசலான நடனக்காரர். இருவருக்கும் ஒரே உடை போலத் தோன்றும்படி தைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு அதைச் செய்வதே ஒரு கலை. எனக்கு ஏழு பேர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழுவிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "எதைப் பார்த்தா ஆட்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வரும்?" ஒருவர் நிறம் என்றார், ஒருவர் விரிந்த பாவாடை என்றார், ஒருவர் கையை நுழைத்துக்கொள்ளும் ரோமப் பை என்றார். வாதத்தில் தீராத விஷயம் என்பதால் சோதித்துப் பார்த்தோம். மலிவான சிவப்புத் துணி ஒன்றைப் பொம்மை மேல் சுற்றி, கழுத்தில் வெள்ளை ரோமப் பட்டையை மட்டும் குண்டூசியால் குத்தி வைத்தோம். படம் பார்த்திருந்த, குழுவில் இல்லாத மூன்று பேரைத் தனித்தனியாக வரச்சொன்னோம். மூவரும் உடனே சொல்லிவிட்டார்கள். பட்டையை எடுத்துவிட்டு வேறு மூவரிடம் காட்டியபோது "சிவப்பு கவுன்" என்பதோடு நின்றுவிட்டார்கள். ஆக, சிவப்பைச் சுற்றிய வெள்ளைக் கரைதான் அடையாளம். அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றலாம் என்று முடிவாயிற்று. பிற்பாடு எல்லாத் தொல்லையும் அந்தக் கரையிலிருந்துதான் வந்தது.

மாற்றியவை இவை. பாவாடையின் நீளம் தரையிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே. முழு வட்டப் பாவாடைக்குப் பதில் ஆறு பீஸ் பாவாடை. கையை நுழைக்கும் ரோமப் பை வேண்டாம், அதை வைத்துக்கொண்டு தட்டைப் பிடிக்க முடியாது. மணிக்கட்டு ரோமத்தைப் பற்றி மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. விருந்து மேசைகளில் மெழுகுவர்த்தி இருக்கும் என்று தெரிந்ததும் ரோமத் துணியில் ஓர் இஞ்ச் துண்டை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினேன். அக்ரிலிக் ரோமம் அது. குப்பென்று பிடித்து, உருகிச் சொட்டியது. கூடி நின்றவர்கள் யாரும் அதற்கு மேல் பேசவில்லை. மணிக்கட்டு ரோமம் போயிற்று. மேசைகளில் பேட்டரி மெழுகுவர்த்தி வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடமும் கேட்டுக்கொண்டார்கள்.

குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர், சிவப்பே வேண்டாம் என்றார். அவருக்கு அடிக்கடி திடீரென்று உடம்பு கொதிக்கும். வெல்வெட்டும் ரோமமும் சேர்ந்தால் தாங்காது. மற்றவர்களுக்கு இதில் வருத்தம். ஆனால் அதே படத்தில் குளூனி தனியாகப் பாடும் காட்சியில் போட்டிருப்பது உடலோடு ஒட்டிய நீண்ட கறுப்பு உடை. "அப்ப நான் அதுல வர்றேன்" என்றார். கனமில்லாத கறுப்புத் துணியில், பருத்தி லைனிங்கோடு, எளிமையாகத் தைத்தோம்.

ஆண்கள் இருவருக்கும் உடையே தைக்கவில்லை. படத்தில் நாயகர்களான பிங் கிராஸ்பியும் டேனி கேயும் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, நாயகிகளின் நீல இறகு விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் போலவே ஆடிக் காட்டுவார்கள். சொந்த சூட், சுருட்டிய பேன்ட், ஆளுக்கொரு நீல விசிறி. அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம்: சிவப்பைத் தேடி

சிவப்பில் மூன்று வெல்வெட் துண்டுகள் வாங்கி வந்தேன். பகல் வெளிச்சத்தில் மூன்றும் அழகு. விருந்து அரங்கில் மஞ்சள் விளக்கு என்று தெரிந்ததால், இரவில் மஞ்சள் பல்பின் கீழே பிடித்துப் பார்த்தேன். நீலம் கலந்த ஆழ்ந்த சிவப்பு பழைய செங்கல் போல ஆகிவிட்டது. பளிச்சென்ற சிவப்பு ஒன்றுதான் சிவப்பாகவே நின்றது. பகலில் கொஞ்சம் கூச்சலிடும் நிறம்தான். பரவாயில்லை, விருந்து இரவில்.

பிறகு சாயச் சோதனை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் மேல் இருபது தடவை தேய்த்தேன். லேசான ரோஸ் நிறம் ஒட்டியது. வேறு துணி தேட நேரமில்லை. சாயம் விடும் சிவப்பின் பக்கத்திலேயே வெள்ளை ரோமம் உட்காரப் போகிறது; வியர்வை பட்டால் ஏறும். அதனால் ரோமப் பட்டையை நேராக கவுனில் தைக்காமல், வெள்ளைப் பருத்தித் துணிப் பட்டி ஒன்றின் மேல் தைத்து, அந்தப் பட்டியைப் பிரஸ் பட்டனால் கவுனில் மாட்டுவது என்று தீர்மானித்தேன். பட்டி இடையில் நின்று சாயத்தை வாங்கிக்கொள்ளும், துவைக்கும்போது கழற்றிவிடலாம். இந்த முடிவு சரியானது. அதை முழுதாகக் கடைப்பிடிக்காததுதான் என் தவறு. அது பின்னால் வருகிறது.

மூன்றாம் வாரம்: வெட்டும்போது

முழு வட்டத்தை ஏன் கைவிட்டோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வெல்வெட்டில் கை வைக்கும் யாருக்கும் இது தேவைப்படும். 30 இஞ்ச் இடுப்புக்கு முழு வட்டப் பாவாடை என்றால் இடுப்பு வட்டத்தின் ஆரம் 30ஐ 6.28ஆல் வகுக்க வருவது, அதாவது ஏறக்குறைய 4¾ இஞ்ச். அதோடு 38 இஞ்ச் நீளம், மடிப்புக்கு 1 இஞ்ச். மொத்த ஆரம் 44 இஞ்ச் பக்கம். 58 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) முழு வட்டம் அடங்காது. இரண்டு அரைவட்டமாக வெட்டி இணைக்க வேண்டும், ஒரு ஆளுக்கு நாலரை மீட்டர்.

துணி செலவு இரண்டாம் பட்சம். வெல்வெட் துணியின் முகத்திலேயே இருக்கும் குட்டை ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தலைகீழாகப் பிடித்தால் அதே துணி இன்னொரு நிறமாகத் தெரியும். இரண்டு அரைவட்டத்தையும் ஒரே மாதிரி வெட்டி இணைத்தால் பக்கத் தையலில் ஒரு பக்கம் ரோமம் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் வந்து நிற்கும். தையலுக்கு இந்தப் புறம் ரத்தச் சிவப்பு, அந்தப் புறம் வெளிறிய சிவப்பு. ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்ப்பது போல எதிரெதிராக வெட்டினால் தையலில் பொருந்தும், ஆனாலும் பாவாடை சுற்றிவரும்போது நிறம் மாறிக்கொண்டே போகும். மாதிரிக்கு ஒன்று தைத்துப் பார்த்தோம், போட்டவர் சுழன்றபோது ஏதோ ஒரு பக்கம் நனைந்துவிட்டது போல இருந்தது. ஆறு பீஸாக வெட்டும்போது ஒவ்வொரு பீஸிலும் ரோமம் ஒரே திசையில், கீழிருந்து மேலாக, போகும்படி வைக்கலாம். மேல்நோக்கி வைத்தால் நிறம் ஆழமாகத் தெரியும் என்பதால் அப்படியே வைத்தோம். விரிவு கொஞ்சம் குறைந்தது. உள்ளே வலைத்துணிப் பாவாடை ஒன்றைக் கொடுத்ததும் ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

தைக்கும்போது வெல்வெட்டின் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஊர்ந்து போகும். கையால் இரண்டு வரிசை ஓட்டுத்தையல் போட்டுக்கொண்ட பிறகுதான் மிஷினில் ஏற்றினோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு பீஸை முகப்புறத்தில் அயர்ன் வைத்துவிட்டாள். அயர்ன் பெட்டியின் வடிவம் அச்சாக அப்படியே பளபளத்தது. அது போகவே இல்லை, அந்த பீஸை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் மேசையில் அதே வெல்வெட் துண்டு ஒன்றை முகம் மேலே பார்க்க விரித்து, தைத்ததை அதன் மேல் கவிழ்த்து, பின்புறத்தில் ஆவி மட்டும் காட்டினோம்.

நான்காம் வாரம்: உட்கார்ந்து பார்த்த ஒத்திகை

ரோமத் துணியைக் கத்தரியால் வெட்டினால் முடிகளும் சேர்ந்து அறுபட்டு, ஓரம் மொட்டை அடித்தது போல ஆகிவிடும். பின்புறம் கோடு போட்டு, பிளேடால் அடித்துணியை மட்டும் கீறிப் பிரிக்க வேண்டும். தைத்த பிறகு தையலில் சிக்கிய முடிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் இணைப்பே தெரியாது. நல்ல வேலை, ஆனால் மூன்று நாள் எங்கள் தேநீரிலெல்லாம் வெள்ளை முடி மிதந்தது.

எல்லாரையும் போட்டுப் பார்க்க வரவழைத்தபோது கண்ணாடி முன் நிறுத்தவில்லை. நாற்காலியில் உட்கார், எழு, குனிந்து செருப்பைச் சரிசெய், மாடிப்படி ஏறு, கையை நீட்டித் தண்ணீர்க் குவளையை எடு என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னேன். பாவாடையின் கீழ்க்கரையிலும் நான்கு இஞ்ச் அகல ரோமம் வைத்திருந்தோம். இரண்டாவது படியிலேயே ஒருவரின் குதிகால் அதில் மாட்டியது. கைப்பிடியைப் பிடித்ததால் விழவில்லை. ரோமத்தின் கனமும் பாவாடையைக் கீழே இழுத்து, குறுக்கு வாட்டில் இருந்த இடங்கள் தொங்கிவிட்டன. கீழ்க்கரை ரோமத்தை அங்கேயே பிரித்து எடுத்தோம். இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, அது இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகு, தரையிலிருந்து மேலே அளந்து ஹெம்மிங் போட்டோம். இடுப்பிலிருந்து கீழே அளந்தால் ஏழு பேர் வரிசையாக நிற்கும்போது ஏழு உயரத்தில் ஓரம் தெரியும்.

இறகு விசிறியை ஒருவர் வீசியதும் மற்றவர் தொடர்ந்து ஆறேழு முறை தும்மினார். மடிப்பு விசிறியில் நீலத் துணி ஒட்டி, ஓரத்தில் நாடாத் தோகை வைத்து மாற்றினோம். தூரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசி மூன்று நாள்: தவறு நடந்த இடம்

அளவெடுக்கும்போது தட்டைச் செருப்பில் வந்த இரண்டு பேர், கடைசி ஒத்திகைக்கு மூன்று இஞ்ச் குதிகால் வைத்த காலணியில் வந்தார்கள். இன்னொருவருக்கு ஜிப் கிழிந்தது. இந்த மூன்றையும் சரிசெய்வதில் ஒரு முழு நாள் போனது. ரோமப் பட்டைகளில் மூன்றுக்கு மட்டுமே பருத்திப் பட்டியும் பிரஸ் பட்டனும் வைத்து முடித்திருந்தோம். மீதி மூன்று அப்படியே இருந்தன.

"இதை நேரா கழுத்துலயே தச்சிடலாமா அக்கா? அஞ்சு மணி நேரம்தானே" என்று உதவியாளர் கேட்டாள். இரவு பதினொன்றரை மணி. கைக்குட்டையில் ஒட்டிய அந்த ரோஸ் நிறம் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும், சரி என்று சொன்னேன். குழுவிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரும் கழுத்தில் ஒரு மெல்லிய துணியாவது வைத்துக்கொண்டிருப்பார்கள்.

விருந்து நாள்

அன்று நானும் ஊசி நூலோடு ஓர் ஓரத்தில் இருந்தேன். ஆட்டம் நன்றாக முடிந்தது. ஆறு சிவப்பு உடைகளும் மஞ்சள் விளக்கின் கீழே ஒரே நிறமாகத் தெரிந்தன. ஆண்கள் இருவரும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அரங்கமே எழுந்து கைதட்டியது. ஐந்து வாரம் நாங்கள் உயிரைக் கொடுத்துத் தைத்தோம், கைதட்டலை வாங்கியது இரண்டு விசிறிகள். அதில் எனக்கு லேசான பொறாமை இருந்தது உண்மை.

பேட்டரி மெழுகுவர்த்திகள் எல்லா மேசையிலும் இருந்தன, கேக் மேசையில் மட்டும் நிஜ மெழுகுவர்த்தி. அதன் மேலாகக் கையை நீட்டியவர்களை எண்ணினேன்: எங்கள் குழுவில் நான்கு பேர். அவர்களின் மணிக்கட்டில் எதுவும் இல்லை.

இரண்டாவது மணி நேரத்துக்குப் பிறகு அரங்கம் சூடாகிவிட்டது. மூன்றாவது மணியில் நேராகத் தைத்த மூன்று பேரில் ஒருவர் என்னிடம் வந்து, கழுத்து அரிக்கிறது என்றார். ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். உள்புறம் முழுக்க ரோஸ் நிறம், வெளியேயும் அரை இஞ்ச் அகலத்துக்கு ஏறியிருந்தது. கழுத்தில் சிவப்புக் கோடு. தோல் புண்ணாகவில்லை, சாயம்தான்; ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது. இன்னொருவருக்கும் அதேதான். மூன்றாமவர் ஆட்டம் முடிந்ததுமே கதவோரக் காற்றில் போய் உட்கார்ந்துவிட்டதால் அவருடையது பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. பட்டி வைத்த மூன்றிலும் சாயம் பருத்தியோடு நின்றுவிட்டது. ஒருவர் சூடு தாங்காமல் பட்டையையே கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கழற்ற முடிந்ததே பெரிய விஷயம்.

கறுப்பு உடை போட்ட மூத்தவர் கடைசி வரை ஆடிக்கொண்டிருந்தார். அவரைத் தேடி நான் ஊசியோடு போக வேண்டியே வரவில்லை.

பின்னர்

கறை பட்ட இரண்டு பட்டைகளையும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டு இரண்டு முறை அலசியும் முழுதாக வெளுக்கவில்லை. வெந்நீரோ அயர்னோ காட்டினால் அக்ரிலிக் முடி சுருண்டுவிடும். என் செலவில் மூன்று பேருக்கும் புதிய பட்டை, இந்த முறை பருத்திப் பட்டியோடு, தைத்துக் கொடுத்தேன். நேராகத் தைத்தது யார் முடிவு என்பதையும் அப்போது சொன்னேன். ஒருங்கிணைத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல அக்கா?" என்றார். பண்ணியிருக்கலாம்தான்.

ரோமம் இல்லாத சிவப்பு கவுனை இரண்டு பேர் பிறகு வேறு விருந்துகளுக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். பட்டையைக் கழற்றிவிட்டால் அது எந்தப் படத்தையும் நினைவூட்டாத சாதாரண உடைதான். அதனால்தான் மறுபடி பயன்பட்டது.

அடுத்த முறை மாற்றுவது

கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வாங்க மாட்டேன், எவ்வளவு குறைந்த நேரமே மிச்சமிருந்தாலும். முதல் நாள் அளவுக்கே விருந்துக்குப் போடும் காலணியோடு வரச்சொல்வேன். இல்லாதவருக்கு அளவெடுக்காமல் திருப்பி அனுப்புவேன். கழற்றும் பட்டைகளை உடையோடு கடைசியில் தைக்காமல், துணி வெட்டுவதற்கு முன்பே தைத்து முடித்து வைப்பேன், நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது கடைசி வேலை என்பதால். லைனிங்கைக் கறுப்பு உடைக்கு வைத்தது போல எல்லாவற்றுக்கும் பருத்தியிலேயே வைப்பேன்.

குழு அடுத்த ஆண்டுக்கும் கேட்டிருக்கிறது. இந்தத் தடவை அதே படத்தில் அந்த விசிறிப் பாட்டுக்கு நாயகிகள் போட்டிருக்கும் நீல லேஸ் உடை வேண்டுமாம். நீல லேஸ் நான்கு துண்டு வாங்கி வந்திருக்கிறேன். ஈரக் கைக்குட்டையில் மூன்று தேறவில்லை.